‘கணக்கு மாத்திரை’ வந்த வழி



சென்ற முறை இதே அரங்கில் தேர்வு பயத்தைப் பற்றிப் பேசி முடித்துவிட்டு, சட்டையில் மாட்டியிருந்த ஒலிவாங்கியைக் கழற்றிக் கொண்டிருந்தேன். ஓர் அம்மா மேடைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். கைப்பையிலிருந்து மடித்த டிஷ்யூ தாள் ஒன்றை எடுத்துப் பிரித்தார். உள்ளே நான்கு மாத்திரைகள்.

“தம்பி, இது என் மகன் பென்சில் பெட்டியில இருந்துச்சு. ஆறாம் படிவம் படிக்கிறான். என்னடான்னு கேட்டா, படிக்கிறதுக்கு மாத்திரைம்மா, எல்லாரும்தான் சாப்பிடறாங்கன்னு சொல்றான். வைட்டமினா தம்பி இது?”

என் துறை தொலைக்காட்சி, மருத்துவமல்ல. அன்று பேச வந்திருந்த மருந்தாளர் ஒருவரிடம் காட்டினேன். மாத்திரையின் மேல் பொறித்திருந்த எழுத்துகளைக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். “மெத்தில்பெனிடேட். இது சீட்டில்லாமல் கிடைக்காதே, எப்படி அந்தப் பையன் கைக்கு வந்தது?” என்று கேட்டார். எப்படி வந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

‘எல்லாரும்தான் சாப்பிடறாங்க’ என்று அந்தப் பையன் சொன்னதுதான் அன்றிரவு முழுவதும் என் காதில் ஒலித்துக் கொண்டிருந்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் கெட்டுவிட்டார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டுப் போகலாம். ஆனால் படிப்புக்காக மாத்திரை விழுங்கும் வழக்கத்துக்கு வயது தொண்ணூறுக்கு அருகில் வந்துவிட்டது. நம் பாட்டனார்கள் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் சீவிக் கொண்டிருந்த காலத்திலேயே வேறொரு நாட்டில் அது தொடங்கிவிட்டது.

இந்தக் கதையின் வேர் ஒரு மூலிகையில் இருக்கிறது. சீன வைத்தியத்தில் ‘மா ஹுவாங்’ என்றொரு புதர்ச்செடி உண்டு. மூச்சிரைப்புக்கும் சளிக்கும் அதன் தண்டைக் காய்ச்சிக் குடிப்பார்கள். அதிலிருந்து எபிட்ரின் என்ற பொருளை 1885-இல் ஜப்பானிய வேதியியலாளர் நாகாய் நாகயோஷி பிரித்தெடுத்தார். 1920-களில் மேல்நாட்டு மருத்துவர்கள் ஆஸ்துமா நோயாளிகளுக்கு அதைக் கொடுக்கத் தொடங்கினார்கள். மூலிகையோ சீனாவிலிருந்து வர வேண்டும். எனவே ஆய்வுக்கூடத்திலேயே செய்யக்கூடிய மாற்றுப் பொருளைத் தேடினார்கள்.

அப்படித் தேடியவர்களில் ஒருவர் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்து வேதியியலாளர் கோர்டன் ஆலஸ். 1929 ஜூன் 3-ஆம் தேதி, தாம் தயாரித்த ஒரு பொருளில் 50 மில்லிகிராமைத் தம் உடம்பிலேயே ஊசி வழியாக ஏற்றிக் கொண்டார். சில நிமிடங்களில் மூக்கடைப்பு திறந்தது. மனத்தில் ஓர் இதமான உணர்வு வந்ததாகக் குறித்து வைத்தார். இரவு விருந்தில் வழக்கத்தைவிட அதிகமாகப் பேசினார். ஆனால் அன்றிரவு சரியான தூக்கமில்லை. அந்தப் பொருள்தான் ஆம்பெட்டமின். அதை 1887-லேயே பெர்லினில் லாசர் எடெலியானு என்ற ருமேனிய வேதியியலாளர் செய்து பார்த்திருக்கிறார். எதற்குப் பயன்படும் என்று தெரியாமல் அது அப்படியே கிடந்தது.

ஸ்மித், கிளைன் அண்ட் பிரெஞ்ச் என்ற அமெரிக்க நிறுவனம் 1930-களின் தொடக்கத்தில் ‘பென்செட்ரின்’ என்ற பெயரில் மூக்கடைப்புக்கு உறிஞ்சும் குழலாக அதை விற்றது. பிறகு மாத்திரையாகவும் செய்தது. மருந்து கையில் இருக்கிறது, அதற்கேற்ற நோயைத்தான் தேட வேண்டும்! எனவே பல ஆய்வாளர்களுக்கு மாத்திரையைக் கொடுத்து, எதற்கெல்லாம் பலன் தருகிறது என்று பார்க்கச் சொன்னது. அப்படித்தான் அது மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் உளவியல் துறைக்கும் போய்ச் சேர்ந்தது.

அங்கே மாணவர்களுக்குக் கொடுத்துச் சோதித்தார்கள். சோதனையில் கலந்துகொண்ட பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? விடுதியில் போய், “மச்சான், தூக்கமே வராத மாத்திரை ஒன்று இருக்கிறது” என்று சொல்லியிருக்க மாட்டார்களா? அந்தக் காலத்தில் அதை மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்க முடிந்தது. தேர்வுக் காலத்தில் இரவு விழிப்பதற்கு மாணவர்கள் அதை விழுங்கினார்கள், சிலர் மயங்கியும் விழுந்தார்கள். 1937 மே மாதம் ‘டைம்’ சஞ்சிகையே அதைச் செய்தியாக வெளியிட்டது. அமெரிக்க மருத்துவச் சங்கம் அந்த மாத்திரையை ஒரு மருந்தாக அதிகாரபூர்வமாக ஏற்றுக் கொண்டது அதே ஆண்டின் கடைசியில்தான். மருத்துவர்கள் முடிவெடுக்கும் முன்பே மாணவர்கள் முடிவெடுத்துவிட்டார்கள்.

இதில் எனக்கு வேடிக்கையாகப் படும் விஷயம் ஒன்று உண்டு. அதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்னால், 1924-இல், அதே அமெரிக்காவின் கார்னல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்ற இரு உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டிருந்தார்கள். இரண்டே இரண்டு மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வு. பொருளில்லாத பத்து அசைகளை மனப்பாடம் செய்ய வைப்பார்கள். சில நாட்களில் படித்த பிறகு தூங்க விடுவார்கள், சில நாட்களில் விழித்திருக்கச் சொல்வார்கள். எட்டு மணி நேரம் கழித்துக் கேட்டால், தூங்கி எழுந்தபோது பாதிக்கு மேல் நினைவிருந்தது. விழித்திருந்தபோது ஏறக்குறைய எல்லாமே போய்விட்டது. படித்ததை மூளை பத்திரப்படுத்துவதற்குத் தூக்கம் வேண்டும் என்பதைப் பிற்காலத்தில் வந்த எத்தனையோ ஆய்வுகள் உறுதி செய்தன. ஆனால் தூக்கத்தை யாரும் புட்டியில் அடைத்து விற்க முடியாதே, அதற்கு விளம்பரம் ஏது?

1937-இல் இன்னொன்றும் நடந்தது. ரோட் ஐலண்ட் மாநிலத்தில், மனநலப் பாதிப்புள்ள பிள்ளைகளுக்கான இல்லம் ஒன்றில் சார்ல்ஸ் பிராட்லி என்ற மருத்துவர் இருந்தார். மூளையைப் படமெடுப்பதற்காக முதுகுத்தண்டு நீரை வெளியேற்றும் கடுமையான பரிசோதனை அப்போது இருந்தது. அதற்குப் பிறகு பிள்ளைகளுக்குத் தாங்க முடியாத தலைவலி வரும். அந்தத் தலைவலிக்குப் பலன் தருமா என்று பென்செட்ரினைக் கொடுத்துப் பார்த்தார். தலைவலி பெரிதாகக் குறையவில்லை. ஆனால் ஆசிரியர்கள் ஓடி வந்து, “இந்தப் பிள்ளைகளுக்கு என்ன கொடுத்தீர்கள்? உட்கார்ந்து பாடம் படிக்கிறார்களே!” என்கிற அளவுக்கு மாற்றம் தெரிந்தது. பிறகு 30 பிள்ளைகளுக்கு ஒரு வாரம் கொடுத்து முறையாகக் கவனித்தார். அவர்களில் 14 பேரிடம் படிப்பில் பெரிய முன்னேற்றம். பிள்ளைகளே அதற்கு ஒரு பெயர் வைத்தார்கள்: கணக்கு மாத்திரை.

நேயர்களே, இந்த இடத்தை நாம் நிதானமாகக் கடக்க வேண்டும். பிராட்லியின் பிள்ளைகள் உண்மையிலேயே உதவி தேவைப்பட்டவர்கள். இன்று நாம் ஏடிஎச்டி என்று சொல்கிற கவனக்குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு, மருத்துவர் அளந்து கொடுத்துக் கண்காணிக்கும்போது, இந்த வகை மருந்துகள் பெரிய துணை. அப்படிப்பட்ட பிள்ளையை வைத்திருக்கும் தாய் தந்தையர் இந்த அரங்கிலும் இருப்பீர்கள். “பிள்ளைக்குப் போதை மாத்திரையா கொடுக்கிறாய்?” என்று உறவினர் கேட்டதை நீங்கள் கண்ணீரோடு விழுங்கியிருப்பீர்கள். இன்றைய என் பேச்சை உங்களுக்கு எதிராக யாரும் எடுத்துக் கொள்ளக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

அதே வேளையில், “மாத்திரை சாப்பிட்டதும் பையன் கவனமாகப் படித்தான், அப்படியானால் அவனுக்கு அந்தக் குறைபாடு இருந்திருக்கிறது” என்று முடிவு கட்டுவதும் தவறு. 1978-இல் ஜூடித் ராப்போபோர்ட் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் எந்தக் குறைபாடும் இல்லாத 14 சிறுவர்களுக்கு டெக்ஸ்ட்ரோ-ஆம்பெட்டமின் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களும் அலைபாயாமல் உட்கார்ந்தார்கள், கவனமும் கூடியது. யார் சாப்பிட்டாலும் ஏதோ ஒன்று செய்யும் மருந்து அது. செய்வதைப் பார்த்து நோயைக் கண்டுபிடிக்க முடியாது.

இனி போருக்கு வருவோம். ஆம்பெட்டமினுக்கு அண்ணன் ஒன்று உண்டு, அதன் பெயர் மெத்தம்பெட்டமின். அதையும் எபிட்ரினிலிருந்து 1893-இல் முதலில் செய்தவர் நாம் ஏற்கெனவே பார்த்த அதே நாகாய்தான். ஜெர்மனியில் டெம்லர் நிறுவனம் ‘பெர்விட்டின்’ என்ற பெயரில் அதை விற்றது. ஓட்டோ ரங்கே என்ற இராணுவ மருத்துவர் அதை முதலில் யாரிடம் சோதித்தார் தெரியுமா? சிப்பாய்களிடமல்ல, 90 பல்கலைக்கழக மாணவர்களிடம்! விழிப்பு கூடுகிறது என்று தெரிந்ததும் 1940 ஏப்ரல் முதல் ஜூலை வரை மட்டும் ஜெர்மானியப் படைகளுக்கு 3 கோடியே 50 லட்சத்துக்கும் அதிகமான மாத்திரைகள் போயின. மறு ஆண்டே அந்த நாட்டு அரசாங்கம் அதற்குக் கட்டுப்பாடு விதித்தது.

ஜப்பானில் 1941-இல் அது ‘பிலோபோன்’ என்ற பெயரில் கடைக்கு வந்தது. உழைப்பை விரும்புதல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வைத்த பெயர். போர் முடிந்தபோது கிடங்குகளில் மிஞ்சியிருந்தவை வெளியே வந்தன. எழுத்தாளர்கள், கலைஞர்கள், இரவில் கண்விழித்துப் படிக்கும் மாணவர்கள் என்று எல்லாரும் வாங்கினார்கள். 1951-இல் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியதாயிற்று. அப்படியும் 1954-இல் மட்டும் கைதானவர்கள் 55 ஆயிரத்துக்கும் மேல். இன்றும் ஜப்பானுக்குள் ‘அடரால்’ மாத்திரையை, அமெரிக்க மருத்துவரின் சீட்டு இருந்தாலும் கொண்டுபோக முடியாது. அந்தப் பழைய காயத்தின் வடு அது.

நம் நாட்டுக் காவல் துறைச் செய்திகளில் வாரந்தோறும் நாம் படிக்கும் ‘சியாபு’ வேறு எதுவுமில்லை, இதே மெத்தம்பெட்டமின்தான். அந்தச் சொல்லும் ஜப்பானிலிருந்து வந்ததே. ‘பில் குடா’ என்று சொல்கிறோமே, குதிரை மாத்திரை, அதிலும் இதுதான் கலந்திருக்கிறது. தாய்லாந்தில் நெடுந்தூர லாரி ஓட்டுநர்கள் தூங்காமல் ஓட்டுவதற்காக விழுங்கியது. அங்கே முதலில் அதற்குக் ‘குதிரை மருந்து’ என்று பெயர். 1996-இல் அந்நாட்டு அமைச்சர் ஒருவர் அதைப் ‘பைத்திய மருந்து’ என்று மாற்றிச் சொல்ல, ‘யாபா’ என்ற அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. பென்சில் பெட்டியில் இருந்த மாத்திரையும் சியாபுவும் ஒன்றே என்று நான் சொல்லவில்லை. அளவு வேறு, வேகம் வேறு, உடம்பில் சேரும் விதமும் வேறு. ஆனால் இரண்டும் மூளையில் டோபமின் என்ற பொருளின் அளவைக் கூட்டுவதால்தான் வேலை செய்கின்றன.

பென்சில் பெட்டி மாத்திரையான மெத்தில்பெனிடேட்டை 1944-இல் சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவனத்தில் லியாண்ட்ரோ பனிசோன் உருவாக்கினார். அவருடைய மனைவி மார்கெரிட் டென்னிஸ் ஆடுவதற்கு முன்னால் அதைச் சாப்பிட்டுப் பார்த்தாராம். அவருடைய செல்லப் பெயரான ரீட்டாவிலிருந்துதான் ‘ரிட்டாலின்’ என்ற பெயர் பிறந்தது. 1958-இல் லண்டன் மருத்துவர் பிலிப் கானல், ஆம்பெட்டமினால் மனம் பேதலித்த 42 நோயாளிகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். யாரோ தம்மைப் பின்தொடர்கிறார்கள், சுவருக்குப் பின்னால் பேசுகிறார்கள் என்று நம்பியவர்கள் அவர்கள். 1971-இல் அமெரிக்கா இந்த மருந்துகளைக் கடுமையான கட்டுப்பாட்டுப் பட்டியலுக்கு மாற்றியது. அதே ஆண்டு வியன்னாவில் ஐ.நா. உடன்படிக்கையும் கையெழுத்தானது. கதை அத்துடன் முடிந்திருக்க வேண்டும். ஆனால் 1996-இல் அடரால் வந்தது, ஏடிஎச்டி சிகிச்சை பரவியது, மாத்திரை மருத்துவரின் சீட்டோடு மறுபடியும் வளாகத்துக்குள் நுழைந்தது.

2005-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, 119 கல்லூரிகளைச் சேர்ந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் கேட்டுத் தயாரானது. முந்திய ஓராண்டில் சீட்டில்லாமல் சாப்பிட்டதாகச் சொன்னவர்கள் 4.1 விழுக்காடு. சில கல்லூரிகளில் ஒருவர்கூட இல்லை, சில கல்லூரிகளில் நூற்றுக்கு 25 பேர். ஆக, ‘எல்லாரும்தான்’ என்பது அமெரிக்காவிலேயே உண்மையில்லை! அதைவிட முக்கியமானது, அப்படிச் சாப்பிட்டவர்களில் மதிப்பெண் குறைந்தவர்களே அதிகம். கெட்டிக்காரர்கள் இன்னும் மேலே போவதற்குச் சாப்பிடுகிறார்கள் என்று நாம் நினைக்கிறோம். பின்தங்கியவர்கள் பயத்தில் சாப்பிடுகிறார்கள் என்பதே அந்த எண்கள் காட்டும் படம்.

சரி, சாப்பிட்டால் பலனாவது உண்டா? 2013-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான 46 பேருக்கு ஒரு நாள் அடராலும் இன்னொரு நாள் வெற்று மாத்திரையும் கொடுத்து, நினைவாற்றல், சிந்தனை என்று பலவிதமாகச் சோதித்தார்கள். இரண்டுக்கும் சொல்லிக் கொள்ளும்படி வித்தியாசமில்லை. ஆனால் அடரால் சாப்பிட்ட நாளில், தாங்கள் மிகச் சிறப்பாகச் செய்ததாக அவர்கள் நம்பினார்கள்.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் வெட்கமும் வந்தது. நான் டிப்ளோமா படித்த காலத்தில், தேர்வுக்கு முதல் நாள் இரவு, அறைத்தோழன் தன் அக்காவின் உடல் எடை குறைக்கும் மாத்திரையைக் கொண்டு வந்தான். தூக்கம் வராது என்றான். அதுவும் ஆம்பெட்டமினின் தூரத்து உறவு என்று அப்போது எனக்குத் தெரியாது. பாதியை நான் விழுங்கினேன், பாதியை அவன். தூக்கம் உண்மையிலேயே வரவில்லை. இதயம் படபடவென்று அடித்தது, பசியில்லை, உலகமே என் கைக்குள் இருப்பது போலிருந்தது. அந்த இரவு முழுவதும் நான் என்ன செய்தேன் தெரியுமா? குறிப்புகளுக்குக் கோடு போட்டேன். மஞ்சள் நிறத்தில் ஒரு முறை, பச்சையில் ஒரு முறை, பிறகு பக்கங்களுக்கு எண் போட்டு, அட்டை போட்டு, ஒழுங்காக அடுக்கினேன். விடிந்தபோது என்னைப் போல் படித்தவன் யாருமில்லை என்று நினைத்தேன். தேர்வு அறையில் முதல் கேள்விக்கு ஒன்பது பக்கம் எழுதிவிட்டு நிமிர்ந்தால், மீதி மூன்று கேள்விகளுக்கு இருபது நிமிடம்தான் இருந்தது. அந்தப் பாடத்தை நான் மறுபடியும் எழுதினேன். வீட்டில் அதற்குச் சொன்ன காரணம் காய்ச்சல். அம்மா இந்த நிகழ்ச்சியைப் பார்த்துக் கொண்டிருந்தால், மன்னித்துக் கொள்ளுங்கள்.

2023-இல் மெல்பர்ன் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வைப் படித்தபோதும் அந்த மஞ்சள் கோடுகள்தான் நினைவுக்கு வந்தன. 40 பேருக்கு ஒரு புதிர். எடை வரம்புள்ள ஒரு பைக்குள், மொத்த மதிப்பு அதிகமாக வரும்படி பொருட்களை அடுக்க வேண்டும். மாத்திரை சாப்பிட்டபோது அவர்கள் அதிகமாக முயன்றார்கள், அதிக நேரம் எடுத்தார்கள், பொருளை எடுத்து எடுத்து மாற்றினார்கள். ஆனால் அந்த முயற்சியின் தரம் குறைந்தது. வெற்று மாத்திரையில் சராசரிக்கு மேல் செய்தவர்கள் பலர், மருந்து சாப்பிட்டபோது சராசரிக்குக் கீழே போனார்கள்.

“ஹங்கேரியக் கணித மேதை பால் எர்டிஷ் ஆம்பெட்டமின் சாப்பிட்டுத்தானே அத்தனை தேற்றங்களை நிரூபித்தார்?” என்று இளைஞர்கள் கேட்பதுண்டு. சாப்பிட்டார், உண்மைதான். 1979-இல் அவருடைய நண்பர் ரான் கிரஹாம், ஒரு மாதம் நிறுத்திக் காட்டினால் 500 டாலர் தருகிறேன் என்று பந்தயம் கட்டினார். எர்டிஷ் நிறுத்தினார், பணத்தையும் வாங்கினார். உன்னால் கணிதம் ஒரு மாதம் பின்தங்கிவிட்டது என்று குறைபட்டுக் கொண்டு மறுபடியும் தொடங்கிவிட்டார். இதுவரைக்கும்தான் பலரும் சொல்வார்கள். அவர் அந்தப் பழக்கத்தைத் தொடங்கியது 1971-இல், தாயை இழந்த துயரத்தில். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. பகா எண்களைப் பற்றிய புகழ்பெற்ற நிரூபணத்தை அவர் செய்தது இருபது வயதை ஒட்டி. அப்போது பென்செட்ரின் மாத்திரையே சந்தைக்கு வரவில்லை.

நம் நாட்டில் மெத்தில்பெனிடேட் 1952-ஆம் ஆண்டு நச்சுப் பொருள் சட்டத்தின் கீழ், 1989-ஆம் ஆண்டு விதிமுறைகளால் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. நண்பனுக்கு ஒன்று கொடுத்தேன் என்பதும் அந்தச் சட்டத்தின் பார்வையில் சும்மா கொடுப்பதல்ல. ஆனால் சட்டத்தைவிட என்னை அதிகமாக உறுத்துவது வேறு. 2022 அக்டோபரில் அமெரிக்காவில் அடராலுக்குத் தட்டுப்பாடு என்று அந்நாட்டு அரசாங்கமே அறிவித்தது. தயாரிப்புத் தாமதம், தேவை அதிகரிப்பு என்று அதற்குப் பல காரணங்கள். கடை கடையாக அலைந்தவர்கள் அது இல்லாமல் அன்றாட வேலையே ஓடாதவர்கள். மாத்திரை அளவோடுதான் இருக்கிறது. ஒருவன் தேவையில்லாமல் எடுத்தால், இன்னொருவனிடம் குறைகிறது.

இது அமெரிக்காவில் மட்டும்தானா? அந்த அம்மாவின் டிஷ்யூ தாளுக்கு வருகிறேன். இரண்டு நாள் கழித்துத் தொலைபேசியில் பேசினார். மகன் வாயைத் திறந்திருக்கிறான். மாத்திரையைக் கொடுத்தவன் வகுப்புத் தோழன், ஒன்று 10 வெள்ளி. அந்தத் தோழனுக்கு நான்காம் ஆண்டு படிக்கிற தம்பி இருக்கிறான். மாத்திரை அவனுடையது. மருத்துவர் ஒரு மாதத்துக்கு எண்ணிக் கொடுப்பதில், அண்ணன் வாரத்துக்கு இரண்டு மூன்று எடுத்திருக்கிறான். வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. இந்தப் பையன் சில நாட்களில் ஏன் இப்படி அடங்காமல் ஆடுகிறான் என்று பள்ளியிலிருந்து கடிதம்தான் வந்திருக்கிறது. அதற்கு அந்தச் சின்னப் பையன் அடியும் வாங்கியிருக்கிறான்.

“நாலு மாத்திரையும் என்கிட்டதான் தம்பி இருக்கு. தூக்கிப் போடறதா, திருப்பிக் கொடுக்கறதா?” என்று அந்த அம்மா கேட்டார். மருந்தாளரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கையில் பட்டு வெளியே கிடந்த மாத்திரையைப் பிள்ளைக்கு மறுபடியும் கொடுக்கக் கூடாது, மருத்துவமனை மருந்தகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்றார் அவர். அதைச் சொன்னேன்.

“அது சரி தம்பி. ஆனா அந்தப் பிள்ளையோட அம்மாவை நான் போய்ப் பார்க்கணும். அவனை இனிமே அடிக்க வேணாம்னு சொல்லணும்” என்றார்.

மகனையும் கூட்டிக்கொண்டு சனிக்கிழமை மாலை அந்த வீட்டுக்குப் போயிருக்கிறார்.